தாழ்ப்பாள் போட்ட கதவுக்காரர்

கதவை நிலையில் மாட்டி முடித்ததும் அதை ஒரு விரலால் தள்ளிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு எண்ணுகிறார் கதவுக்காரர். ஒன்று, இரண்டு, மூன்று. சரியாக மூன்றில் கதவு தானாகத் திரும்பி வந்து சத்தமில்லாமல் நிலையில் படிய வேண்டும். நான்கு ஆகிவிட்டால் கீலைக் கழற்றி, ஓரத்தை மறுபடி இழைப்பார். இரண்டிலேயே வந்து மோதினாலும் கழற்றுவார். "அவசரப்படுது, கொஞ்சம் பழக்கணும்" என்பார். "போதும் விடுப்பா, சோறு தண்ணி வேண்டாமா உனக்கு" என்று வீட்டுக்காரர்கள் கெஞ்சினாலும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

எங்கள் குடியிருப்பில் கதவு தானாக மூடிக்கொண்டால்தான் உண்டு. பிடித்து வைக்க வேறு எதுவும் கிடையாது. பூட்டு இல்லை, தாழ்ப்பாள் இல்லை, கொக்கிகூட இல்லை. முப்பது வருஷத்துக்கு முன்னால், மூடிப்போன ஒரு நூற்பாலையின் தொழிலாளர் வீடுகளில் நாங்கள் நூறு பேர் வந்து குடியேறினோம். இனி நம்மை யாரும் ஆள வேண்டாம், நாமும் யாரையும் ஆள வேண்டாம் என்பதுதான் வந்த காரணம். தலைவர் கிடையாது, காவலர் கிடையாது, தண்டனை கிடையாது. எதுவானாலும் கூட்டத்தில் உட்கார்ந்து பேச வேண்டும். ஒரே ஒருவர் மறுத்தாலும் பேச்சு தொடரும். "நீங்க, வாங்க" என்கிற மரியாதையையும் முதல் கூட்டத்திலேயே விட்டுவிட்டோம். பெரியவர் சின்னவர் எல்லாருக்கும் "நீ"தான். பக்கத்து நகரத்துக்காரர்கள் எங்களைத் "தலையில்லாத ஊர்" என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். இங்கே நான் அவரை "அவர்" என்று எழுதுவது பத்திரிகை படிக்கிற உங்களுக்காக. நேரில் எனக்கு அவர் வாடா, போடாதான்.

வயது ஐம்பத்திரண்டு. ஒல்லி. மரத்தூள் பட்டால் வரிசையாக ஏழு தும்மல் வரும். ஒவ்வொரு தும்மலுக்கு முன்னும் "ஒரு நிமிஷம்" என்று எதிரில் இருப்பவரிடம் அனுமதி கேட்பார். தேநீரை ஆற வைத்துப் பச்சைத் தண்ணீராக்கித்தான் குடிப்பார். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் வீடு, இந்தப் பக்கம் என் அச்சகம். இருபது வருஷமாக அவருடைய தும்மலை எண்ணிக்கொண்டுதான் நான் எழுத்துக் கோத்து வருகிறேன்.

இன்னொரு விசேஷம், இந்த மனிதர் வாயில் கட்டளை வராது. வா, போ, எடு, வை என்று யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. "அந்த உளி இந்தப் பக்கம் இருந்தா நல்லாருக்குமோன்னு தோணுது" என்பார். உளி தேவை என்று நாம்தான் புரிந்துகொள்ள வேண்டும். கூட்டங்களில் இது பெரிய வரம். இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொள்கிற நிலைக்கு வந்தால், "கதவுக்காரனக் கூப்பிடு" என்பார்கள். அவர் நடுவில் உட்கார்ந்து தோணுது தோணுது என்றே சொல்லி இரண்டு பேரையும் தூங்க வைத்துவிடுவார்.

வீட்டில்தான் அது எடுபடவில்லை.

அவருக்கு ஒரே மகள். பெயர் ஒன்று உண்டு, யாருக்கும் ஞாபகம் இல்லை. ஊர் முழுக்க "வாலு" என்றால்தான் தெரியும். "பல்லு தேய்ச்சா நல்லாருக்குமோன்னு தோணுதும்மா" என்பார் அப்பா. "எனக்குத் தோணலையே" என்று அது ஓடிவிடும். மதியம் வரை தேய்க்காத பல்லோடு தெருவைச் சுற்றும். அம்மா லாரி ஓட்டுபவர், எங்கள் ஊரில் செய்கிற கதவு, மேசை, நாற்காலிகளை வெளியூர்களுக்குக் கொண்டுபோய் இறக்கிவிட்டு வர மாதத்தில் பாதி நாள் ஆகிவிடும். ஆக, வளர்ப்பெல்லாம் அப்பாவிடம்தான்.

பிள்ளைகள் பதின்மூன்று பதினான்கில் எதிர்த்து நிற்பது எல்லா ஊரிலும் உள்ளதுதான். ஆனால் எங்கள் ஊரில் எதிர்க்க என்ன இருக்கிறது? வாலு அதையும் கண்டுபிடித்தாள். ஒரு நாள் சாயங்காலம் கேட்டாள்: "அப்பா, நான் எத்தன மணிக்கு வீட்டுக்கு வரணும்?"

"உனக்கு எப்பத் தோணுதோ அப்பம்மா."

"ஏழு மணின்னு சொல்லு."

"நான் எப்படிம்மா சொல்ல முடியும்?"

"சும்மா சொல்லேன். நான் எட்டு மணிக்கு வரேன், நீ திட்டு."

அவருக்கு வேர்த்துவிட்டது. அப்புறம் வாலு தானே ஒரு நேர அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினாள். சாப்பாட்டு நேரத்துக்குத் தானே தட்டில் கரண்டியால் மணி அடித்தாள். வெள்ளைச் சட்டையும் நீலப் பாவாடையும் தைத்துக்கொண்டு அதைத் தவிர வேறு எதையும் உடுத்த மறுத்தாள். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். நானும்தான்.

அம்மாவோடு லாரியில் போனபோது அவள் ஒரு விடுதிப் பள்ளியைப் பார்த்திருக்கிறாள். சுற்றிலும் மதில், வாசலில் இரும்புக் கதவு, உள்ளே பெண்கள் வரிசையாக நடந்து போனார்களாம். பதினைந்து முடிந்ததும் அங்கேதான் சேர்வேன் என்றாள். நுழைவுத் தேர்வுக்குத் தானே கடிதம் எழுதினாள். பள்ளியிலிருந்து பட்டியல் வந்தது, ஒவ்வொரு மாணவியும் இன்ன அளவில் ஒரு பெட்டி கொண்டுவர வேண்டும் என்று. அப்பாவிடம் பலகை கேட்டு வாங்கி, மாடியில் தன் அறையில் உட்கார்ந்து ஒரு வாரம் அந்தப் பெட்டியைத் தட்டித் தட்டிச் செய்தாள்.

நான் ஒரு நாள் கேட்டேன். "ஏன்டி, எல்லாரும் விட்டுட்டு ஓடி வர்ற இடத்துக்கு நீ ஓடுற?"

"அங்க தப்புப் பண்ணா தப்புன்னு சொல்வாங்க அத்தை. இங்க தப்புப் பண்ணா 'உனக்கு என்ன தோணுது'ன்னு கேக்குறீங்க. எனக்கு என்ன தோணும்? எனக்குத் தெரிஞ்சா நான் ஏன் பண்ணப்போறேன்?"

"வாய் ரொம்ப நீளம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

தேர்வன்று ஏழு மணிக்குப் பெரிய சாலையில் வண்டி. அம்மா வெளியூரில். காலையில் எனக்கு அவசர அச்சு வேலை, இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. ஆறரைக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் மாடியில் தட்டும் சத்தம் ஆரம்பித்தது. தட், தட், தட். சற்று நிற்கும், மறுபடி தட்டும்; குரல் எதுவும் இயந்திர இரைச்சலைத் தாண்டி வரவில்லை. எங்கள் ஊரில் யாரும் கதவைத் தட்டுவதில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே தள்ளித் திறந்து போவதுதான் வழக்கம். உள்ளே இருந்து கதவைத் தட்டுவார்கள் என்று யார் கண்டது? கடைசி நேரத்தில் பெட்டிக்கு ஆணி அடிக்கிறாள் என்று நினைத்தேன். அப்புறம் ஏழு மணி தாண்டியும் நிற்கவில்லை. போகாமல் விட்டுவிட்டாளாக்கும், பெட்டியைப் பிரித்துப் போடுகிறாளாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். எட்டு மணிக்கு எனக்குப் பொறுமை போய்விட்டது. சுவரில் கையால் ஓங்கி அடித்து, "மெதுவாத் தட்டுடி, இங்க மனுஷங்க வேலை செய்றாங்க" என்று கத்தினேன்.

சத்தம் உடனே நின்றது. ஐந்து நிமிஷம் கழித்து முன்னைவிட வேகமாகத் தட்டினாள். நான் மனதுக்குள் திட்டிக்கொண்டே வேலை பார்த்தேன்.

ஒன்பதரைக்கு, இன்றைக்கு அவளை இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று மாடி ஏறினேன். கூப்பிட்டுக்கொண்டே கதவைத் தள்ளினேன். திறக்கவில்லை. இழுத்துப் பார்த்தேன். கதவு இறுகிவிட்டது, மழை ஈரம் என்று நினைத்துத் தோளால் இடித்தேன். அப்புறம்தான் கண்ணில் பட்டது. வெளிப்பக்கம், நெஞ்சு உயரத்தில், புத்தம் புதிய பித்தளைத் தாழ்ப்பாள். நகரத்துக் கடைக்காரர் ஒருவர் தாம் செய்யச் சொன்ன கதவுகளில் மாட்டுவதற்காக அனுப்பியிருந்த டப்பாவிலிருந்து எடுத்தது. நாலு திருகாணியும் ஒழுங்காக முடுக்கியிருந்தது. எதிலும் அவசரப்படாத ஆள்.

அதை எந்தப் பக்கம் நகர்த்த வேண்டும் என்று எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. திறந்தபோது வாலு பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். வெள்ளைச் சட்டை, நீலப் பாவாடை, எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய ஜடை. வலது கை முட்டி தோல் உரிந்திருந்தது.

"வண்டி போயிருக்கும்ல அத்தை?" என்றாள். பிறகு, "நீ குரல் கொடுத்ததும் திறக்க வர்றேன்னு நெனச்சேன்" என்றாள்.

இதை எழுதும்போதும் எனக்கு முகம் எரிகிறது. எழுதாமல் விட்டால் இன்னும் எரியும் என்பதால் எழுதுகிறேன்.

கதவுக்காரர் பட்டறையில், பாதி இழைத்த பலகைக்கு முன்னால் சும்மா நின்றிருந்தார். "அர மணி நேரந்தான்னு நெனச்சேன் அக்கா. வண்டி போற வரைக்கும். அப்புறம் தொறந்தா அவ மூஞ்சியப் பாக்கணுமே. இன்னொரு அஞ்சு நிமிஷம், இன்னொரு அஞ்சு நிமிஷம்னு..." என்றார். ஏன்டா செய்தாய் என்று கேட்டதற்கு, "போகாதன்னு எனக்குச் சொல்ல வரல" என்றார். ஒரு வார்த்தை சொல்லத் தெரியாமல் நாலு திருகாணி முடுக்கியிருக்கிறார்.

மறுநாள் கூட்டத்தில் விஷயத்தை அவரேதான் எழுப்பினார். ஒளிக்கவில்லை, பூசி மெழுகவில்லை. "எம் மகள நான் மூணு மணி நேரம் அடச்சு வச்சேன். எனக்கு எதாச்சும் செய்யணும்னு தோணுது" என்றார். அன்று கூட்டம் நடத்தும் முறை ரொட்டிக்காரருடையது. அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "தண்டிக்கிற பழக்கம் நமக்கு இல்லியேப்பா. உனக்கு என்ன தோணுது?" என்று கேட்டார். கதவுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். ஒருவர், மூன்று மாதம் இவர் கூட்டத்துக்கு வர வேண்டாம் என்றார். அது தண்டனை ஆகிவிடும் என்று இன்னொருவர் மறுத்தார். தண்டனை என்றால் என்ன என்பது பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினோம். நல்லாப் பேசினோம், ஒன்றும் குறைச்சல் இல்லை. கடைசியில் வாலு எழுந்தாள்.

"ஒருத்தராவது அப்பாவத் திட்டுங்களேன்" என்றாள்.

அத்தனை பேரும் தரையைப் பார்த்தோம். எனக்காவது வாய் இருக்கிறது, திட்டியிருக்கலாம். சுவரில் அடித்த கையை மடியில் வைத்துக்கொண்டு, நான் எந்த வாயால் திட்டுவது?

அன்றிலிருந்து வாலு அப்பாவிடம் பேசினால் "நீங்க"தான். "சாப்ட்டீங்களா?" "இந்தாங்க உங்க உளி." பிறந்ததிலிருந்து "நீ" என்று கூப்பிட்ட பிள்ளை. அதைக் கேட்கும்போதெல்லாம் அவர் கையிலிருப்பதை எங்காவது வைத்துவிட்டு அப்புறம் அரை மணி நேரம் தேடுவார்.

பன்னிரண்டு வயது முடிந்த பிள்ளை விரும்பினால் வேறு வீட்டில் போய் இருக்கலாம் என்பது எங்கள் ஊர் ஏற்பாடு. கட்டிலைப் பெற்றவர்களே தூக்கிக்கொண்டு போய்ப் போட வேண்டும், மனத்தாங்கல் இல்லை என்று காட்டுவதற்காக. வாலு என் வீட்டைச் சொன்னாள். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கதவுக்காரர் கட்டிலைத் தலையில் வைத்துத் தன் மாடிப்படி இறங்கி என் மாடிப்படி ஏறினார். போட்டுவிட்டு ஆட்டிப் பார்த்தார். ஒரு கால் ஆடியது. என் கழிவுக் காகிதத்தில் ஒன்றை மடித்து அடியில் செருகி, மறுபடி ஆட்டிப் பார்த்து, யாரையும் பார்க்காமல் இறங்கிப் போனார்.

மூன்றாம் நாள் அம்மா வந்தார். கேட்டதும் லாரிக்கு அடியில் போய்ப் படுத்து, ரிப்பேரே இல்லாத எதையோ சாயங்காலம் வரை கழற்றி மாட்டினார். அப்புறம் என்னிடம் வந்து, "அவன் பண்ணிட்டான்னு கோவம் இல்லக்கா. நான் வீட்ல இருந்திருந்தா நானும் பண்ணியிருப்பேனோன்னுதான் ஒடம்பு நடுங்குது" என்றார். ஊரில் அவரவர் வீட்டுப் பிள்ளையைப் பார்த்து அந்த வாரம் அப்படித்தான் நடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஆறு வாரம் கழித்து, தேர்வைத் தவறவிட்டவர்களுக்கு இன்னொரு நாள் குறித்துப் பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. அது போனால் அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும். வாலுவுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. பெற்றோரில் ஒருவரும் ஒரு சாட்சியும் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். லாரி அம்மா, "அடைச்சது யாரோ அவனே போடட்டும்" என்று சொல்லிவிட்டார். கதவுக்காரர் படிவத்தை எடுத்துக்கொண்டு அச்சகத்துக்கு வந்தார். ஒரு வரியின் கீழே நகத்தால் கோடு இழுத்திருந்தார்: என் மகளைக் கண்டித்துத் திருத்தும் அதிகாரத்தைப் பள்ளிக்கு இதன்மூலம் அளிக்கிறேன்.

"அக்கா, எங்கிட்ட இல்லாத ஒண்ண நான் எப்படிக் குடுக்க முடியும்?"

"இல்லியா? அன்னிக்கு அந்தத் தாழ்ப்பாள் எங்கேர்ந்துடா வந்துச்சு?"

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. அவர் படிவத்தை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, "சாட்சிக்கு நீ வந்தா நல்லாருக்குமோன்னு தோணுது" என்றார். வருகிறேன் என்றேன்.

லாரியில் போனோம். அம்மா வண்டியை வெளியே நிறுத்திவிட்டு அதிலேயே இருந்துவிட்டார். வாலு இரண்டு மணி நேரம் தேர்வு எழுதினாள். நாங்கள் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தோம். அங்கே ஒரு அம்மாள் வந்து, "இங்க உக்காரக் கூடாது, அங்க போங்க" என்று சொல்ல, கதவுக்காரர் சட்டென்று எழுந்து அங்கே போனார். "அங்க இல்ல, அந்த மூலைக்கு" என்றார் அந்த அம்மாள். மூலைக்குப் போனார். என்னைப் பார்த்துத் தோளைக் குலுக்கக்கூட இல்லை.

பிறகு தலைமையாசிரியர் அறைக்குக் கூப்பிட்டார்கள். மேசைக்கு முன்னால் அப்பாவுக்கும் மகளுக்கும் நாற்காலி. அவர்களுக்குப் பின்னால் எனக்கு ஒரு முக்காலி. தலைமையாசிரியர் நரைத்த தலையும் சுத்தமான கைகளுமாக இருந்தார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். விடைத்தாளைப் பார்த்துவிட்டு, "நல்லா எழுதியிருக்கா. முதல் தேர்வுக்கு ஏன் வரல?" என்று கேட்டார்.

"காய்ச்சல்" என்றாள் வாலு, யோசிக்காமல். லாரியிலேயே தயார் செய்துவைத்திருப்பாள் போலிருக்கிறது.

"இல்லீங்க" என்றார் கதவுக்காரர். அவர் வாயிலிருந்து அந்த "ங்க"வை அன்றுதான் கேட்டேன். "காய்ச்சல் இல்ல. நான் அவள ரூம்ல வச்சுத் தாழ்ப்பாள் போட்டுட்டேன். மூணு மணி நேரம். கதவத் தட்டிட்டே இருந்தா. நான் தொறக்கல."

வாலு தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள்.

தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். கதவுக்காரரும் அப்படித்தான் நினைத்திருப்பார். முதுகை நிமிர்த்திக்கொண்டு, அடி வாங்க நிற்பதுபோல உட்கார்ந்திருந்தார். உள்ளுக்குள் எனக்குக்கூட ஒரு நிம்மதி. இத்தனை வாரமாக எங்களில் ஒருவருக்கும் வராத வார்த்தை இப்போது வந்துவிடும்.

"அந்த ஊர்லேர்ந்து வர்றீங்கன்னதும் பிள்ளைய அவுத்துவிட்டு வளத்திருப்பீங்கன்னு பயந்தேன்" என்றார் தலைமையாசிரியர். முகமெல்லாம் மலர்ந்திருந்தது. "கண்டிப்பான அப்பா. இப்படித்தான் இருக்கணும். எல்லாரும் உங்கள மாதிரி இருந்தா எங்க வேல பாதி குறைஞ்சிடும்."

கதவுக்காரருக்குக் காதுகள் இரண்டும் சிவந்து போயின. படிவத்தைப் பிரித்து, நகக்கோடு போட்ட வரிக்குக் கீழே மெதுவாக, எழுத்துக்கூட்டுவதுபோல, கையெழுத்துப் போட்டார். நான் குனிந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டு முக்காலிக்குத் திரும்பினேன்.

"ரொம்ப சந்தோஷம்" என்று தலைமையாசிரியர் எழுந்து, மேசைக்கு மேலாக அவரிடம் கை நீட்டினார்.

கதவுக்காரரும் எழுந்தார். நீட்டிய கையைப் பார்த்தார். தாழ்ப்பாள் போட்ட தன் வலது கையை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு மட்டும்தான் தெரிந்தது. இடது கை அதை மணிக்கட்டில் இறுக்கிப் பிடித்துக்கொண்டது, விடவே இல்லை.